ஒரு குடம் நீரும் ஒரு கரிசல் தோட்டமும்

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையே பேருந்தில் போகும்போது சன்னலுக்கு வெளியே பாருங்கள். கறுத்த மண், ஆங்காங்கே வேலிக்கருவேல், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் வைப்பாறு. மழை குறைவு, வெயில் அதிகம், காற்றில் ஈரம் மிகக் குறைவு. விவசாயத்துக்கு உதவாத இந்த வறட்சிதான் வேறொரு தொழிலுக்கு உதவியது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பி, 1923-ஆம் ஆண்டு வாக்கில் இங்கே அத்தொழிலைத் தொடங்கினார்கள். தீக்குச்சியின் மருந்தும், பின்னர் வந்த பட்டாசும், அச்சுத் தாளும் நன்றாக உலர வேண்டும். உலர்த்துவதற்கு இந்த வெயிலையும் காற்றையும் விடச் சிறந்த இயந்திரம் ஏது?

ஆனால் பட்டாசை உலர்த்தும் அதே வெயிலும் காற்றும் நம் வீட்டுக் கொல்லையிலுள்ள கத்தரிச் செடியையும் உலர்த்துகின்றன அல்லவா? அங்கேதான் தொல்லை.

வகுப்பில் ஒருநாள் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "சார், எங்கள் தெருவில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் குழாயில் நீர் வருகிறது. குடிக்கவே குடத்தை எண்ணி வைக்கிறோம். இதில் செடிக்கு எங்கே போவது?" நியாயமான கேள்வி. தண்ணீர் இருந்தால் தோட்டம் யாரும் போடலாம். இல்லாத ஊரில் போட முடியுமா என்பதுதான் கேள்வி. நான் இயற்பியல் கற்பிப்பவன். எனவே இதற்கு விடையை இயற்பியலில் தேடுவோம்.

எவ்வளவு நீர் பறிபோகிறது?

முதலில் ஒரு சிறு சோதனை. அகலமான எவர்சில்வர் தட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான விளிம்புடையதாக இருக்கட்டும். அதில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஊற்றி, காகம் குடிக்காதபடி மேலே கம்பி வலை போட்டு, மொட்டை மாடியில் காலை 7 மணிக்கு வையுங்கள். மறுநாள் காலை 7 மணிக்கு அளவுகோலால் அளந்து பாருங்கள். கோடையாக இருந்தால் 6 அல்லது 8 மில்லிமீட்டர் குறைந்திருக்கும்.

"இவ்வளவுதானா?" என்று எண்ண வேண்டாம். சராசரியாக 7 மி.மீ. என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 7 மி.மீ. நீர் என்றால் அது 7 லிட்டர். பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட சிறு பாத்தியின் பரப்பு ஏறத்தாழ 2.8 சதுர மீட்டர். அந்தப் பாத்தியை நாள் முழுவதும் ஈரமாகவே வைத்திருந்தால் ஏறத்தாழ 20 லிட்டர் நீர் ஆவியாகிவிடும். நம் பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர் பிடிக்கும். ஆக, நாளொன்றுக்கு ஒரு குடத்துக்கும் மேல்! மாணவர் கேட்ட கேள்வியின் கனம் இப்போது புரிகிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். 20 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டுமானால் 1 கோடியே 16 லட்சம் கலோரி வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் 13 யூனிட்டுக்கும் மேல். இவ்வளவு ஆற்றலை யார் கொடுத்தார்கள்? சூரியன்தான். நம் பகுதியில் தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 6 யூனிட். 2.8 சதுர மீட்டருக்கு 17 யூனிட். கணக்கு ஏறத்தாழச் சரியாக வருகிறது, பார்த்தீர்களா? மண்ணின் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. வெயிலைத் தடுத்தால் நீர் மிஞ்சும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

மூன்று காரணங்கள்

ஈரமண் உலர்வதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் உலர்வது மெதுவாகும்.

முதலாவது, வெப்பம். இதைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது, வறண்ட காற்று. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத்தான் ஏற்கும். 38 டிகிரியில் அதே காற்று 46 கிராம் ஏற்கும். அதாவது இருமடங்கு. ஆனால் நம் ஊர்க் கோடைப் பிற்பகலில் பெரும்பாலும் அந்த அளவில் பாதிகூடக் காற்றில் இருப்பதில்லை. மீதி இடத்தை நிரப்பக் காற்று எங்கெல்லாம் ஈரம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் உறிஞ்சும். செடியின் இலை, ஈரமண், கொடியில் காயும் துணி, நம் உதடு எல்லாம் அதற்கு ஒன்றே. மேலும், காற்று வீசும்போது ஈரமேறிய காற்று நகர்ந்துபோய்ப் புதிய வறண்ட காற்று வந்து நிற்கிறது.

மூன்றாவது, மண்ணின் அடியிலிருந்து மேலேறி வரும் நீர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் நுண்ணிய துளைகளில் நீர் மேலேறுகிறது. இதுவே நுண்புழை ஏற்றம். நீரின் பரப்பு இழுவிசைதான் இதற்குக் காரணம். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். விட்டம் 1 மி.மீ. உள்ள குழாயில் 3 சென்டிமீட்டர் ஏறும் நீர், 0.1 மி.மீ. விட்டமுள்ள குழாயில் 30 சென்டிமீட்டர் ஏறும். மேல்மண் உலர உலர, அடிமண் தன் நீரை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

கரிசலின் குணம்

இங்கே நம் கரிசல் மண்ணின் குணத்தை அறிய வேண்டும். மணல் துகள் கண்ணுக்குத் தெரியும். களிமண் துகளோ ஒரு மில்லிமீட்டரின் 500-இல் ஒரு பங்கை விடச் சிறியது. கரிசலில் இத்தகைய துகள்கள் மிகுதி. அதிலும் தாள்கள் அடுக்கியது போன்ற அமைப்புடைய ஒருவகைக் களி இதில் உண்டு. அந்த அடுக்குகளுக்கு இடையே நீர் புகும்போது மண் உப்புகிறது. நீர் வெளியேறும்போது சுருங்குகிறது. சித்திரை, வைகாசியில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிப்பது இதனால்தான். வெடிப்பு விழுந்துவிட்டால் அடிமண்ணும் நேரே காற்றுக்குத் திறந்துவிடுகிறது. வேர்களும் அறுபடுகின்றன.

கரிசல் நிறைய நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அத்தனையையும் செடிக்குக் கொடுக்காது. துகளோடு மிக நெருங்கி ஒட்டியிருக்கும் நீரை வேரால் இழுக்க முடிவதில்லை. வளி மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கு இழுவிசை தேவைப்படும் நிலையில் பெரும்பாலான செடிகள் தோற்று வாடிவிடுகின்றன. கையில் எடுத்தால் மண் ஈரமாகத் தெரியும். செடியோ வாடி நிற்கும். இப்புதிரின் விடை இதுதான்.

இதற்கு மருந்து, நன்கு மக்கிய எரு. அது துகள்களைச் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்க்கிறது. உருண்டைகளுக்கு இடையே பெரிய துளைகள் உண்டாகின்றன. காற்றும் நுழைகிறது, வேரும் நுழைகிறது.

நான் செய்த தவறு

தோட்டம் போட்ட முதல் ஆண்டில் எல்லாரையும் போல நானும் மாலைதோறும் பூவாளியில் நீர் தெளித்தேன். மேல்மண் கருகருவென்று நனைந்தது. மனத்துக்கும் நிறைவாக இருந்தது. அடுத்த வீட்டுப் பாட்டி, காடுகரை பார்த்தவர், வேலி வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, மண்ணைக் குளிப்பாட்டுறீங்களே, வேருக்குத் தாகம் தீருமா?"

நான் சிரித்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் கத்தரி இலைகளின் ஓரம் கருகியது. மண்ணின் மேல் வெண்மையாக ஏதோ பூத்தது. நாவில் வைத்துப் பார்த்தேன்; உப்பு!

பிறகுதான் கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு சுமார் 2 கிராம் உப்புக்கள் இருந்தன. நாளொன்றுக்கு 10 லிட்டர் தெளித்தால் 20 கிராம். நூறு நாளில் 2 கிலோ! நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நான் தோட்டத்தில் கத்தரி பயிரிடவில்லை. சிறிய உப்பளம் ஒன்று வைத்திருந்தேன். உப்பு மிகுந்த மண்ணில் சவ்வூடு பரவலின்படி வேருக்கு நீர் வருவதற்குப் பதில் அங்கேயே தங்கிவிடும். ஊறுகாய் போட்ட மாங்காய் சுருங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவேதான்.

தினமும் சிறிது சிறிதாகத் தெளிப்பது இருவகையில் நட்டம். நீர் மேலேயே நின்று ஆவியாகிறது. வேரும் நீரைத் தேடி மேலேயே படர்ந்து, முதல் வெயிலில் கருகுகிறது.

புதைத்த கலயம்

இனி வழியைப் பார்ப்போம். நீரை மண்ணின் மேல் ஊற்றாமல் வேரின் பக்கத்திலேயே கொடுத்தால் என்ன? இந்த எண்ணம் புதிதன்று. 2000 ஆண்டுகளுக்கு முன், கி.மு. முதல் நூற்றாண்டில், சீனாவில் ஃபான் ஷெங்ஜி என்பவர் எழுதிய வேளாண்மை நூலிலேயே மண்பானையைப் புதைத்து, சுற்றிலும் கொடி நடும் முறை கூறப்பட்டுள்ளது. அரியானாவில் கர்னாலில் உள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையத்திலும் 1970-களில் இம்முறையை ஆராய்ந்து, ஓரளவு உப்பு நீரைக் கொண்டும் காய்கறி விளைவிக்க முடியும் எனக் கண்டார்கள்.

செய்முறை எளிது. 3 லிட்டர் பிடிக்கும் மண்கலயம் ஒன்றை வாங்குங்கள். வண்ணம் பூசியதோ, பளபளப்பாக மெருகு ஏற்றியதோ வேண்டாம். நீர் நிரப்பிச் சில மணி நேரம் வைத்தால் வெளிப்புறம் ஈரம் கசிய வேண்டும். அப்படிக் கசிந்தால் அதுவே நமக்கேற்ற கலயம். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மண்ணில் புதையுங்கள். சுற்றிலும் மக்கிய எருவும் மண்ணும் கலந்து, இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள். இடைவெளி இருந்தால் நுண்புழைத் தொடர்பு அறுந்துவிடும். கலயத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் விதை ஊன்றுங்கள். முளைத்து வேர் பிடிக்கும் வரை இரண்டு வாரம் மேலேயும் கொஞ்சம் நீர் விடுங்கள். பிறகு கலயத்தில் மட்டும் ஊற்றினால் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது? பானை நீர் குளிர்வதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். சுட்ட மண்ணில் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. வெளியே மண் உலர்ந்திருந்தால் அது நீரை இழுக்கிறது, நீர் கசிகிறது. மண் ஈரமாகிவிட்டால் இழுவிசை குறைகிறது. கசிவும் தானே குறைகிறது. குழாயைத் திருகி மூட ஆள் வேண்டாம். செடிக்கு எவ்வளவு தாகமோ அவ்வளவு நீர்! மேல்மண் பெரும்பாலும் உலர்ந்தே இருப்பதால் களையும் குறைவு.

ஒன்றை மறக்கவே கூடாது. கலயத்தின் வாயை ஓட்டுச் சில்லாலோ மூடியாலோ இறுக மூடிவையுங்கள். திறந்து வைத்தால் டெங்குக் கொசு முட்டையிடும். உப்பு நீர் ஊற்றுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கலயத்தைத் தோண்டி எடுத்துத் தேய்த்துக் கழுவுங்கள். துளைகள் உப்பால் அடைபட்டிருக்கும்.

மூடாக்கு

கலயத்தைச் சுற்றியுள்ள மண்ணையும் மூட வேண்டும். நிலக்கடலைத் தோல், தென்னை நார், காய்ந்த சருகு எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இதனால் மூன்று காரணங்களும் ஒரே நேரத்தில் தடைபடுகின்றன. வெயில் மண்ணைத் தொடுவதில்லை. காற்று மண்ணின் மேல் வீசுவதில்லை. கடலைத் தோலின் இடைவெளிகள் பெரியவை. ஆகையால் நீர் அவற்றின் வழியே நுண்புழை ஏற்றத்தால் மேலே வர முடிவதில்லை.

நம்பவில்லையா? சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான இரண்டு டப்பாக்களில் ஒரே எடை மண்ணும் ஒரே அளவு நீரும் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் கடலைத் தோல் பரப்புங்கள். இரண்டையும் வெயிலில் வைத்து ஒரு வாரம் தினமும் காலையில் தராசில் நிறுத்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். வரைபடத்தாளில் இரண்டு கோடுகளையும் வரைந்தால் உண்மை தானே விளங்கும்.

கடலைத் தோல் கிடைக்காதவர்கள் மேல்மண்ணை லேசாகக் கொத்திப் புழுதியாக்கி விடலாம். நுண்புழைகள் அறுபட்டு, புழுதியே போர்வையாகும். வெடிப்புகளும் அடைபடும். களை கொத்தும் நம் விவசாயிகள் களையை மட்டும் எடுப்பதில்லை, நீரையும் காக்கிறார்கள். கோடையில் பாத்தியின் மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி ஒன்று கட்டினால் பிற்பகல் வெயிலும் காற்றும் தணியும்.

இப்போது என் வீட்டுக் கணக்கு. அதே பத்தடிப் பாத்தியில் 5 கலயங்கள். வெண்டையும் கத்தரியும் ஒரு சாத்தூர் வெள்ளரிக் கொடியும் நிற்கின்றன. நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து 7 லிட்டர், அதாவது அரைக் குடம் ஊற்றுகிறேன். அதிலும் பெரும்பகுதி அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும், வடிகட்டியபின். சோப்பு நீரைக் கலயத்தில் ஊற்ற வேண்டாம். அதை வாழை மரத்துக்கு விடலாம். நீர் சுத்திகரிக்கும் கருவி வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு மிகுதி. அதைத் தோட்டத்துக்குத் தொடர்ந்து ஊற்றினால் என் பழைய உப்பளம் உங்கள் வீட்டிலும் தோன்றும்.

செடிக்கு உணவும், செடிக்கு நஞ்சும்

நம் பகுதி மாணவர்களுக்கு ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாசில் சேரும் வெடியுப்பு, வேதியியலில் பொட்டாசியம் நைட்ரேட். அதே பொருள் உரமாகவும் விற்கப்படுகிறது. சாணமும் சிறுநீரும் கலந்த மண்ணில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை உண்டாக்குகின்றன. முற்காலத்தில் பீகாரில் வெடியுப்பை மண்ணிலிருந்துதான் எடுத்தார்கள். உங்கள் எருக்குழியில் நடப்பதும் அதே வேலைதான்.

"அப்படியானால் பட்டாசுக் கழிவைச் செடிக்குப் போடலாமே" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது! தீக்குச்சித் தலையில் இருப்பது நைட்ரேட் அன்று, குளோரேட். நைட்ரேட்டில் நைட்ரஜன் அணு இருக்குமிடத்தில் குளோரேட்டில் குளோரின் அணு இருக்கிறது. இரண்டிலும் ஆக்சிஜன் அணுக்கள் மூன்று. இந்த ஒற்றுமையால் செடி ஏமாந்து, குளோரேட்டை நைட்ரேட் என்று எண்ணி உள்ளே எடுத்துக்கொள்கிறது. உள்ளே அது குளோரைட் என்னும் நஞ்சாக மாறிச் செடியைக் கொல்கிறது. குளோரேட் உப்பு களைக்கொல்லியாகப் பயன்பட்டது இதனால்தான். பச்சை நிறம் தரும் பேரியம் உப்புக்களோ மனிதருக்கே நஞ்சு. பட்டாசுகளில் பேரியம் உப்புக்களைச் சேர்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. எனவே வெடித்த பட்டாசுக் குப்பையை எருக்குழியில் போடாதீர்கள். வெடிக்காத மருந்தை எக்காரணம் கொண்டும் கையால் தொடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். செடியைவிட உங்கள் கையும் கண்ணும் பெரியவை.

எப்போது தொடங்கலாம்?

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை. அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. புரட்டாசியில் பாத்தி கட்டி எருவிட்டால் மழையிலேயே செடி வேர் பிடித்துவிடும். அந்த மழை, கோடையில் சேர்ந்த உப்பையும் கரைத்து வேருக்குக் கீழே தள்ளிவிடும். பாத்தியில் நீர் தேங்காமல் வடிகால் மட்டும் வைத்துவிடுங்கள். முதல் முயற்சிக்குத் தண்டங்கீரை, வெண்டை, கொத்தவரை போதும். கொல்லை இல்லாதவர்கள் மாடியில் சாக்குப்பையில் வளர்க்கலாம். ஆனால் நனைந்த மண் ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடையிருக்கும். மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரோரம் வையுங்கள். பெரியவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் சந்தையில் அதலைக்காய் பார்த்திருப்பீர்கள். யாரும் விதைக்காமல், நீர் ஊற்றாமல் கரிசல் காட்டில் தானே கொடியோடிக் காய்க்கிறது. கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும். ஆனால் மண்ணுக்கு அடியில் அதன் கிழங்கு, வெயிலுக்கு எட்டாமல், ஈரத்தைப் பொதிந்து வைத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. நாம் கலயத்தைப் புதைத்துச் செய்ததும் கிட்டத்தட்ட அதைத்தானே?

என்னைக் கேள்வி கேட்ட மாணவர் சென்ற தை மாதம் ஒரு பை கொத்தவரங்காய் கொண்டுவந்தார். "எத்தனை குடம் செலவாயிற்று?" என்று கேட்டேன். குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். நாள்தோறும் ஊற்றிய நீர் லிட்டர் கணக்கில் அதில் இருந்தது. காயைவிட அந்தக் குறிப்பேடுதான் எனக்கு மகிழ்ச்சி தந்தது. நீங்களும் ஒரு கலயத்தோடும் ஒரு குறிப்பேட்டோடும் தொடங்குங்கள்.